கடற்கரையில் கணக்குப் படித்தவர்கள்

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்திலிருந்து பருத்தித்துறைக்கு 750ஆம் இலக்க பஸ். தூரம் 33 கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம்பிடித்து உட்காரவும் கொண்டக்டர் வந்துவிட்டார். 200 ரூபாய் கொடுத்தேன். டிக்கெட்டோடு இரண்டு இருபது ரூபாய்த் தாள் திரும்பி வந்தது. பக்கத்து இருக்கையில் மகள் வீட்டிலிருந்து ஊர் திரும்புகிற ஓர் ஐயா, மடியில் முருங்கைக்காய்க் கட்டு. எங்கே போகிறேன் என்று கேட்டார். ஹாட்லிக் கல்லூரியைப் பார்க்க என்றேன்.

"ஹாட்லியோ? வடமராட்சியிலை எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒண்டில் எஞ்சினியர், இல்லாட்டி டொக்டர் எழும்பி வருவார். முக்கால்வாசிப் பேர் ஹாட்லியிலை படிச்சவை" என்றார்.

இந்தக் கதையைக் கொழும்பிலும் கேட்டிருக்கிறேன், லண்டனிலிருந்து வந்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். கணக்கு என்றால் ஹாட்லி, ஹாட்லி என்றால் கணக்கு. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடற்காற்று என்பார்கள், பழைய அதிபர்களின் கண்டிப்பு என்பார்கள், வறண்ட பூமியில் படிப்பைவிட்டால் வேறு பயிர் ஏது என்பார்கள். சொன்னதெல்லாம் இருக்கட்டும், கண்ணில் படுவது என்ன என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கோப்பாய், நீர்வேலி தாண்டும்வரை சாலையின் இரு பக்கமும் செம்மண்ணும் வாழைத் தோட்டமும்தான். அச்சுவேலிப் பக்கம் திரும்பும் சந்தியைக் கடந்து சற்று ஓடியதும் மரங்கள் ஒரேயடியாக நின்றுபோகின்றன. வல்லை வெளி. வீடில்லை, வேலியில்லை, தொண்டைமானாற்று நீரேரியின் உப்புத் தண்ணீரும் அதற்கு மேல் காற்றும்தான். முனியப்பர் கோயிலடியில் பஸ் ஒரு கணம் நிற்க, கொண்டக்டர் இறங்கி உண்டியலில் காசு போட்டுவிட்டு ஓடிவந்து ஏறினார். அந்தக் காலத்தில் இந்த வெளியைத் தனியாகக் கடக்கப் பயப்படுவார்களாம். சைக்கிள்காரர்களுக்கு எதிர்க்காற்றே போதுமான பயமாக இருந்திருக்கும்.

நெல்லியடியில் பாதி பஸ் காலியானது. கடைத்தெருவில் என்னைக் கவர்ந்தவை விளம்பரப் பலகைகள். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் என்று ஆசிரியர் படத்தோடு வரிசையாகத் தனியார் கல்வி நிலையங்கள். நகைக்கடைப் பலகையைவிட இவை பெரிது. அதைத் தாண்டினால் மந்திகை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை. அந்த வழியில் பஸ்ஸிலிருந்தே ஒன்றைக் கவனித்துக்கொண்டு வந்தேன். நல்ல மாடிவீடுகள், உயர்ந்த மதில்கள், இரும்புக் கேற்றுகள், பல கேற்றுகளில் பெரிய ஆமைப்பூட்டு. முற்றத்தில் சருகு கூட்டாமல் கிடக்கிறது. ஐயா சொன்னது பொய்யில்லை. ஆனால் இந்தக் கதவுகளைத் தட்டினால் எழும்பி வர ஆள் இல்லை. எஞ்சினியர் இருக்கிறார், ரொறன்ரோவில்.

பருத்தித்துறை பஸ் நிலையத்தில் இறங்கியபோது எட்டரை மணி. கடலின் வாசனை முதலில் வந்தது, கடல் பிறகுதான் வந்தது. வழி கேட்டேன். "உதிலை நேரா போங்கோ, ரெண்டு எட்டுத்தான்" என்றார் பழக்கடைக்காரர். ரெண்டு எட்டு என்பது நடந்தால் சுமார் பத்து நிமிடம். கல்லூரி வீதியில் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. கல்லூரியின் கேற்றுக்குள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டையில் பையன்கள் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். காவலாளி மரியாதையாகத்தான் சொன்னார்: "பள்ளிக்கூடம் நடக்குது ஐயா. ஒண்டரைக்கு விட்டாப்பிறகு வாங்கோ. ஆரும் ஒரு சேரைக் கதைச்சுப் பிடிச்சுத் தாறன்."

நியாயம்தான். பாடம் நடக்கும்போது ஊர்சுற்றிக்கு அங்கே என்ன வேலை? வெளியிலிருந்தே பெயர்ப்பலகையைப் பார்த்தேன். 1838 என்ற ஆண்டு இந்தப் பள்ளிக்கூடத்தோடு ஒட்டிக்கொண்ட எண். அந்த ஆண்டில் வெஸ்லியன் மிஷன் இதைத் தொடங்கியது. தொடங்கியவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். ஆறுமுக நாவலரைத் தன்னோடு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பேர்சிவல்தான். நாவலர் படித்ததும் படிப்பித்ததும் யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய பள்ளிக்கூடத்தில். பேர்சிவல் பிறகு சென்னைக்குப் போய் 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்தினார். அவர் திரட்டிய தமிழ்ப் பழமொழிகளின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,000க்கு மேல் பழமொழிகள் உண்டு. பருத்தித்துறையில் அவர் வைத்துவிட்டுப் போன பள்ளிக்கூடம் நெடுங்காலம் மிஷன் பள்ளிக்கூடமாகவே இருந்து, 1916இல் மெதடிஸ்த மிஷன் சங்கத்தின் செயலாளர் மார்ஷல் ஹாட்லியின் பெயரைப் பெற்றது.

மதியம்வரை நேரம் இருந்தது. பசியும் இருந்தது. ஓடக்கரைக்குப் போனால் தோசை கிடைக்கும் என்றார் ஆட்டோக்காரர். 150 ரூபாய் கேட்டார். அவ்வளவு தூரமில்லை என்று தெரிந்ததும் நடந்தேன். ஒடுங்கிய ஒழுங்கை, இரு பக்கமும் தட்டி மறைப்பு. ஓரிடத்தில் நாலைந்து பேர் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். கிட்டப் போனபோதுதான் மறைப்பில் ஒரு சின்னச் சதுர ஓட்டை தெரிந்தது. காசு உள்ளே போகிறது, பொதி வெளியே வருகிறது. விற்பவரின் முகம் தெரியாது. கையை மட்டும் பார்த்தேன்: இரண்டு கண்ணாடி வளையல், விரல் நுனியில் மா. மெல்லிய மஞ்சள் தோசை, தாளித்த வெங்காயத்தோடு. மூன்று தோசையும் சம்பலும் 100 ரூபாய். அங்கேயே நின்று தின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் பன்னிரண்டு தோசை கேட்டார். உள்ளேயிருந்து "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, கல்லு ஒண்டுதான்" என்று குரல் வந்தது.

திரும்பும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் தட்டை வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பருத்தித்துறை வடை என்றால் யாழ்ப்பாணம் முழுக்கத் தெரியும். உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்துக் குழைத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, மொறுமொறுவென்று ஆகும்வரை எண்ணெயில் விடுகிறார்கள். எண்ணெய் வடிந்த பிறகு எடுத்துக் கடித்தால் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஒரு பொதி 200 ரூபாய். கிழமைக் கணக்கில் கெடாது. "ஊருக்குள்ளை விக்கிறது கொஞ்சம். லண்டன், கனடா போற பெட்டியளுக்குள்ளைதான் கூடப் போகும்" என்றார் பொதி கட்டிய அம்மா. ஹாட்லியில் படித்தவர்கள் போன பாதையிலேயே வடையும் போகிறது.

கடற்கரைக்கு வந்தேன். வங்காள விரிகுடா என்றதும் பெரிய அலையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கரையை ஒட்டிச் சுண்ணாம்புப் பாறை, கொஞ்சம் உள்ளே பவளத்திட்டு. அலை அங்கேயே உடைந்து, கரைக்கு வரும்போது வெறும் நுரை. கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாகக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வடமேற்கே கையைக் காட்டினார். அந்தப் பக்கம் கோடியக்கரை, நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர். இரவில் இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போவதைப் பற்றி நிறையச் சொன்னார். பேச்சைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினேன்.

"என்ரை மகன் ஒன்பதாம் வகுப்பு, ஹாட்லியிலைதான். நான் அந்த மதிலுக்கு இஞ்சாலை நிண்டு வலை இழுத்தனான். அவன் அங்காலை நிண்டு படிக்கிறான்" என்றார். பெருமையோடுதான் சொன்னார். "கணக்கிலை எப்படி?" என்று கேட்டேன். "பரவாயில்லை. ஆனா ஓடுறதிலை கெட்டிக்காரன்."

கரையோரமாகவே நடந்து கலங்கரை விளக்கத்துக்குப் போனேன். 32 மீட்டர் உயரம், 1916இல் கட்டியது. கல்லூரிக்கு ஹாட்லி என்று பெயர் வைத்ததும் அதே ஆண்டு. உள்ளே போக வழியில்லை, வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அந்த இடத்தில் நிற்கும்போது வேறொன்று நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் இந்தக் கடற்கரைத் துண்டு இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்தது. கல்லூரியும் அதற்குள் அகப்பட்டது. முட்கம்பிக்கும் காவலரணுக்கும் பக்கத்தில் ஒரு தலைமுறை படித்தது. 1984இல் கல்லூரியின் நூலகம் எரிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. 1987 மே மாதம் இந்த வடமராட்சிப் பகுதியில் இராணுவத்தின் படை நடவடிக்கை. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடலே இந்தக் கரைக்குள் ஏறியது. இன்று நான் நடந்த பாதையில் ஒரு பையன் பட்டத்துக்கு வால் கட்டிக்கொண்டிருந்தான்.

வெயிலுக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையில் பால் தேத்தண்ணி 100 ரூபாய், பிளேன் ரீ 50. மேசைக்கு எதிரே வெள்ளை வேட்டியில் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர், ஹாட்லியின் பழைய மாணவர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார். முதலில் பெயர்ப் பட்டியல் வந்தது. ஹாட்லிக்காரர் யாரிடம் கேட்டாலும் அந்தப் பட்டியல் இரண்டு பேரில்தான் தொடங்கும்.

ஒருவர் சி. ஜே. எலியேசர். 1918இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் போய், குவாண்டம் இயற்பியலின் பெரியவர்களில் ஒருவரான பால் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். 1943இல் அவர் எழுதிய கட்டுரையின் முடிவை இன்றும் எலியேசர் தேற்றம் என்கிறார்கள். மின்னூட்டம் கொண்ட துகள் தன் இயக்கத்திலேயே ஆற்றலைக் கதிராக இழக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கும் டிராக்கின் சமன்பாட்டை எடுத்துக்கொண்டார். எலெக்ட்ரான் ஒன்று நேராக புரோட்டானை நோக்கி வந்தால் என்னவாகும் என்று பார்த்தார். போய் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சமன்பாடு சொன்னது வேறு: அது விழாது, நடுவழியில் நின்று திரும்பி ஓடும். இயற்கை அப்படி நடக்காது என்பதால், சமன்பாட்டில்தான் எங்கோ கோளாறு என்பது தெரியவந்தது. குருவின் சமன்பாட்டைக் குருவிடம் இருந்துகொண்டே உரசிப் பார்த்த வேலை அது. கொழும்பில் பேராசிரியராக இருந்து, மலாயாவுக்கும் பிறகு மெல்பேர்ணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் போனார். 2001இல் காலமானார்.

மற்றவர் அழகையா துரைராசா. கம்பர்மலைக்காரர், 1934இல் பிறந்தவர். இவர் அணுத்துகளைப் பார்க்கவில்லை, காலடி மண்ணைப் பார்த்தார். களிமண்ணையும் மணலையும் அமுக்கி நெரிக்கும்போது, நாம் செலுத்திய ஆற்றல் எங்கே எவ்வளவு செலவாகிறது என்று கேம்பிரிட்ஜில் அளந்தார். அந்த அளவுகளை வைத்து ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை கேம் களி மாதிரியத்துக்கு அடித்தளம். அணைக்கட்டோ மாடிக்கட்டடமோ, ஈரக் களிமண் மேல் எதைக் கட்டினாலும் நிலம் எப்போது இளகும் என்று கணிக்க அந்த மாதிரியத்தின் வழிவந்த கணக்கை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

"அவர் திரும்பி வந்தவர். அதைத்தான் நீங்கள் எழுதவேணும்" என்றார் கணக்காளர்.

அது உண்மை. பேராதனையில் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தவர், 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஊரிலே ஷெல் விழுந்த காலம், பெற்றோல் கிடைக்காத காலம். துணைவேந்தர் சைக்கிளில் வளாகத்துக்கு வந்துபோனதை யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்வார்கள். 1994 வரை அந்தப் பதவியில் இருந்தார், அதே ஆண்டில் காலமானார். வெளிநாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர், மின்சாரமில்லாத நகரத்தில் சைக்கிள் மிதித்தார்.

அடுத்து அதிபர்களின் புகழ். தாமோதரம் காலம், பூரணம்பிள்ளை காலம் என்று அரசர்களின் காலம்போலப் பிரித்துச் சொன்னார். பூரணம்பிள்ளை வராந்தாவில் வருகிறார் என்றால் சப்பாத்துச் சத்தத்துக்கே வகுப்பு அடங்குமாம். அது மிஷன் காலம். 1960ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு உதவிபெறும் பாடசாலைகள் அரசாங்கத்திடம் போயின. ஹாட்லியும் போனது, இன்று தேசியப் பாடசாலை. கட்டணமில்லை, பாடநூல் இலவசம். "மிஷன் போனதோடை முடிஞ்சுது எண்டவை" என்றார், "முடிஞ்சதோ?" என்று என்னையே கேட்டார்.

அவரைச் சுட்டது அதற்குப் பிறகு வந்தது. 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல். பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழில் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும். பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. "எனக்கு 240க்கு மேலை. கணக்காளரானன்" என்றார், சிரித்துக்கொண்டுதான். எஞ்சினியர்கள் வீடுவீடாக இருக்கும் கதைக்குள் இந்த 23 புள்ளியும் இருக்கிறது. அந்தத் தலைமுறையில் கப்பலேறியவர்கள் எத்தனை பேர், ஆயுத இயக்கங்களுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று அவர் விரல் மடக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

மணி ஒன்றரை. கேற்றுக்குத் திரும்பிப் போனேன். வெள்ளைச் சட்டைகள் சைக்கிள் மணிகளோடு ஆறாகப் பாய்ந்து வெளியேறின. காவலாளி சொன்ன சொல் தவறாமல் ஓர் ஆசிரியரைப் பிடித்து வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அவரும் இங்கேயே படித்தவர்தான். "ஒரு மணித்தியாலம் தரலாம், மூண்டு மணிக்கு வகுப்பு இருக்கு" என்றார்.

முதலில் கண்ணில் பட்டது துரு. ஒரு வகுப்பறை ஜன்னலின் பிணைச்சலைத் தொட்டுப் பார்த்தேன். மேலே புதிய கிரீம் வர்ணம். அது உதிர்ந்த இடத்தில் நீலம், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் இரும்பு செதில் செதிலாகக் கழன்று விரலில் ஒட்டியது. பிணைச்சலின் ஆணிகளில் ஒன்று பித்தளை, மற்றது இரும்பு. இரும்பு ஆணியின் தலையே இல்லை. "கடற்காத்து. பெயின்ற் அடிக்க அடிக்கத் திண்டுகொண்டிருக்கும்" என்றார் ஆசிரியர். மூளைக்கு நல்லது என்று கேள்விப்பட்ட கடற்காற்று செய்யும் வேலை இதுதான்: ஆய்வுகூடத்துத் தராசையும் கணினியின் உள்ளட்டையையும் ஒரே பசியோடு தின்கிறது. நிலைமாறாமல் இந்தக் கட்டடங்களை நிறுத்தி வைப்பதற்கே வருடா வருடம் காசு வேண்டும்.

அந்தக் காசில் கணிசமானது எங்கிருந்து வருகிறது என்பதற்கும் கண்முன்னே சாட்சி இருந்தது. வர்ணம் பூசியது, கணினி வாங்கியது, மின்விசிறி மாட்டியது என்று பழைய மாணவர்களின் உதவியைச் சொல்லும் சின்னப் பலகைகள். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா என்று ஹாட்லியின் பழைய மாணவர் சங்கங்கள் பரந்து கிடக்கின்றன. "காசு அனுப்பிறவை நிறைய. வந்து பார்க்கிறவை ஓகஸ்ட் மாதத்திலை, நல்லூர்த் திருவிழாவோடை" என்றார் ஆசிரியர். குறையாகச் சொல்லவில்லை. "சில பேர் காசோடை கேள்வியும் அனுப்புவினம். ரிசல்ட் வந்த அண்டைக்கு இரவு தொலைபேசி நிக்காது. எத்தினை மூண்டு ஏ, மொறட்டுவைக்கு எத்தினை பேர் எண்டு."

நூலக வாசலில் நின்றேன். 1984இல் எரிந்தவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இருக்கிற அலுமாரிகளில் பாடநூல்களும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும்தான் கைபட்டு நைந்திருந்தன. நாவல்கள் புதிது போலவே இருந்தன. படிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல அந்த நைந்த முதுகுகளே போதும். "நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன், ஆர் கேக்கினம்?" என்றார் ஆசிரியர்.

உயர்தர வகுப்பறை ஒன்றில் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டு முக்கால் மணி நேரம் ஆகியும் ஏழெட்டுப் பேர் வீட்டுக்குப் போகவில்லை. ஆசிரியரும் இல்லை. கரும்பலகையில் ஒரு சாய்தளம், அதன் அடியிலிருந்து எறியப்பட்ட துணிக்கை, உச்ச வீச்சு காண வேண்டும். பலகையடியில் நின்றவன் கிடை, நிலைக்குத்து என்று வேகத்தைப் பிரித்து எழுதிக்கொண்டு போனான். பாதி பலகை நிறைந்துவிட்டது. கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். "தளத்துக்குச் சமாந்தரமா ஒண்டு, செங்குத்தா ஒண்டு, அப்பிடிப் பிரிச்சால் மூண்டு வரியிலை முடிஞ்சிடும்." அவன் அழிக்கப் போக, முதலாமவன் அழிக்க விடவில்லை. "ரெண்டும் இருக்கட்டும். விடை ஒண்டா வருதோ பாப்பம்." பலகையை நடுவே கோடு கிழித்துப் பிரித்தார்கள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறி மேலே சும்மா தொங்கியது, மின்சாரம் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே விடை வந்ததும் ஒரு குரல்: "அடுத்த கேள்வி."

ஆசிரியர் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். நானும் நின்றேன். வழிநெடுகக் கேட்ட காரணங்களில் இது இல்லை. யாரும் சொல்லித்தராத நேரத்தில் ஒருவனுக்கு மற்றவன் வாத்தியாராவது. தாமோதரம் காலத்திலும் பூரணம்பிள்ளை காலத்திலும் இப்படி நடந்ததா என்பதற்கு நான் சாட்சியில்லை. இன்று நடக்கிறது என்பதற்குச் சாட்சி.

"நீங்கள் ஏன் போகேல்லை?" என்று ஆசிரியரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "போகத்தான் நினைச்சனான். இடையிலை ஒரு வருசம் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டவை. ஒரு வருசம், ஒரு வருசம் எண்டு..." என்று நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி வகுப்புக்குப் போய்விட்டார். மேலதிக வகுப்பு, காசில்லாமல். அவர் சொல்லவில்லை, காவலாளி சொன்னார்.

நாலு மணிக்கு மைதானம். கணக்குக்கு மட்டும்தான் ஹாட்லி என்று சொல்பவர்கள் இங்கே வர வேண்டும். அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிதலிலும் தட்டெறிதலிலும் இந்தக் கல்லூரிப் பையன்கள் அண்மைக் காலத்தில் பெயரெடுத்திருக்கிறார்கள். பெரிய விளையாட்டரங்கம் எதையும் நான் பார்க்கவில்லை. புல் பாதி, மணல் பாதி. சீமெந்து வட்டத்துக்குள் ஒரு நெட்டைப் பையன் தட்டை உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு தரம் கையை வீசிப் பார்த்து, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி விட்டான். தட்டு கடல் பக்கம் போய் விழுந்தது. இன்னொருவன் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடினான். "நாப்பத்தொண்டு இருபது!" எறிந்தவனுக்குத் திருப்தியில்லை. காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கிறது, கொஞ்சம் தணித்து எறிந்திருக்க வேண்டும் என்று நாடா பிடித்தவனிடம் சொன்னான். எவ்வளவு தணித்து என்று இருவரும் கையால் கோணம் காட்டி வாதிட்டார்கள்.

நெட்டையனிடம் என்ன படிக்கிறான் என்று கேட்டேன். "மட்ஸ்" என்றான்.

"ஏ.எல். முடிச்சு?"

"மொறட்டுவை. கிடைக்காட்டி பேராதனை. அதுவும் இல்லையெண்டால் கிளிநொச்சி." யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியில்தான் இருக்கிறது.

"அதுக்குப் பிறகு வெளிநாடோ?"

"அது பிறகு பாப்பம். முதல் நாப்பத்தைஞ்சு எறியவேணும்" என்று சொல்லிவிட்டு வட்டத்துக்குள் போய்விட்டான்.

ஒரு பள்ளிக்கூடத்தை அதன் பழைய மாணவர் பட்டியலால் அளப்பது நமக்குப் பழகிப்போயிற்று. எலியேசரும் துரைராசாவும் எந்தப் பட்டியலுக்கும் பெருமைதான். ஆனால் பட்டியல் என்பது பெரும்பாலும் போனவர்களின் கணக்கு. நூலகம் எரிந்த பிறகும், முட்கம்பிக்குப் பக்கத்திலும், கடல் ஏறிவந்த பிறகும் இந்த இடம் பள்ளிக்கூடமாகவே நிற்கிறது என்றால், "ஒரு வருசம்" என்று தொடங்கி நின்றுவிட்ட ஆசிரியர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மதிலுக்கு வெளியே வலை இழுத்துக்கொண்டு மகனை உள்ளே அனுப்புகிறவரையும் சேர்க்க வேண்டும். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. காசு அனுப்புகிறவர்களுக்கே இது நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். அதனால்தான் அனுப்புகிறார்கள்.

ஹாட்லியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் போய்க் கேற்றடியில் நிற்காதீர்கள். ஓடக்கரைத் தோசையைத் தின்றுவிட்டு, கடற்கரையில் ஒரு நடை நடந்து, ஒன்றரைக்குப் பிறகு உள்ளே போங்கள். பெயர்ப்பலகைகளை வாசிக்கப் பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தை உயர்தர வகுப்பறை வாசலிலும் நாலு மணி மைதானத்திலும் செலவிடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; ரெண்டு எட்டு என்று சொன்ன ஊர் அது, நேரத்துக்கும் அதே அளவுகோல்தான்.